பிடித்த ராப் ஆல்பத்தை இன்னொருவர் காதில் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஹிப் ஹாப் கேட்பவர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் பத்து நிமிடத்தில் பட்டியல் வந்துவிடும். ஒருவர் 'டாப் ஃபைவ் ராப்பர்கள் யார்?' என்று ஆரம்பிப்பார், இன்னொருவர் நாஸ் இல்லாத பட்டியல் பட்டியலே இல்லை என்பார், மூன்றாமவர் டூபாக் பெயரைச் சொல்லிக் குரலை உயர்த்துவார். கூட்டம் கலையும்போது பார்த்தால், அவரவர் ஏற்கெனவே கேட்டதை இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். புதிதாக ஓர் ஆல்பம்கூட யார் காதுக்கும் போயிருக்காது.

நானும் அந்த ரகம்தான். ராப் பக்கமே தலைவைக்காத நண்பன் ஒருவன் ஒருநாள், "நல்லதா ஏதாவது சொல்லுடா, கேட்டுப் பார்க்கிறேன்" என்றான். அன்று ராத்திரியே உட்கார்ந்து 40 ஆல்பங்களை ஆண்டு வாரியாக, ப்ரொட்யூசர் பெயர்களோடு எழுதி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து விசாரித்தேன். "முதல் ஆல்பத்துல பாதி கேட்டேன்டா. நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். அந்த 'தான்' போதும், எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

பட்டியல் கொடுத்தால் யாரும் கேட்பதில்லை. ஒரே ஓர் ஆல்பத்தைக் கொடுத்து, அதில் எந்த இடத்தில் காதை வைக்க வேண்டும் என்று சொன்னால் கேட்கிறார்கள். கீழே இருப்பது அதைச் செய்யும் முறை.

படி 1: 'சிறந்தது' வேறு, 'பிடித்தது' வேறு

முதலில் உங்கள் சொந்த ரசனையைச் சரிபாருங்கள். ஒரு தாளில் உங்களுக்குப் பிடித்த பத்து ஆல்பங்களை எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் நேராக, போன ஒரு வருடத்தில் அதை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை எத்தனை தடவை ஓடவிட்டீர்கள் என்று மனசாட்சியோடு குறியுங்கள்.

பப்ளிக் எனிமி குழுவின் 1988 ஆல்பம் 'இட் டேக்ஸ் எ நேஷன் ஆஃப் மில்லியன்ஸ் டு ஹோல்ட் அஸ் பேக்' ராப் வரலாற்றின் தூண்களில் ஒன்று. பாம் ஸ்குவாட் என்ற தயாரிப்புக் குழு சைரன் சத்தம், பழைய ஃபங்க் துண்டுகள், மேடைப் பேச்சு என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சத்தத்தையே வாத்தியமாக்கியது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வருடத்துக்கு எத்தனை தடவை போடுகிறேன்? ஒரு தடவை. எ டிரைப் கால்ட் குவெஸ்ட் (சுருக்கமாக டிரைப்) என்ற குழுவின் 'மிட்நைட் மராடர்ஸ்' மாதம் ஒரு தடவையாவது ஓடும். அப்படியென்றால் எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். அதைப் பற்றித்தான் நான் உயிரோட்டமாகப் பேச முடியும்.

அடிக்கடி ஓடியவை என்று தாளில் தேறியவற்றுக்கு நேராக, ஏன் பிடிக்கும் என்று ஒரு வரி எழுதுங்கள். 'மாஸ்', 'லெஜண்ட்', 'வேற லெவல்' மூன்றுக்கும் தடை. எழுத வரவில்லையா? அந்த ஆல்பத்தை இன்னொரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள்.

படி 2: எதிராளியின் காது எப்படிப்பட்டது என்று கேளுங்கள்

'உனக்கு எந்த ராப்பர் பிடிக்கும்?' என்பது புதியவரிடம் கேட்கக்கூடாத கேள்வி. 'கடைசியா எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்ட?' என்று கேளுங்கள். பதிலிலேயே அவர் சொல்லைக் கேட்கிறவரா, மெட்டைக் கேட்கிறவரா, தாளத்தைக் கேட்கிறவரா என்பது தெரிந்துவிடும்.

மெட்டு இல்லாமல் பாட்டு பிடிக்காது என்பவருக்கு லாரின் ஹில்லின் 'தி மிஸ்எஜுகேஷன் ஆஃப் லாரின் ஹில்' (1998). ராப்பும் அவரே, பாட்டும் அவரே. 1999-இல் கிராமியின் 'ஆல்பம் ஆஃப் தி இயர்' விருதை வாங்கிய முதல் ஹிப் ஹாப் ஆல்பம் அது. ஜாஸ் கேட்பவருக்கு டிரைப்பின் 'தி லோ எண்ட் தியரி' (1991). அதில் ஒரு பாட்டுக்கு ஜாஸ் மேதை ரான் கார்ட்டரே வந்து டபுள் பேஸ் வாசித்திருக்கிறார். ஆடத் தோன்றவேண்டும் என்பவருக்கு மிஸ்ஸி எலியட்டின் 'சூப்பா டூப்பா ஃப்ளை' (1997). டிம்பலண்ட் போட்ட அந்தத் தாளங்கள் எதிர்பார்த்த இடத்தில் விழாமல் நழுவும், ஆனாலும் கால் சும்மா இருக்காது.

ஆங்கிலம் வேகமாக வந்தால் புரியவில்லை என்று சிலர் தயங்குவார்கள். அவர்களிடம் ராப் வரிகளே இல்லாத ஆல்பத்தைக் கொடுங்கள். ஜே டில்லாவின் 'டோனட்ஸ்' 31 சின்னச் சின்ன பீட்டுகள் (ராப்புக்கு அடியில் ஓடும் இசை) மட்டுமே. 2006 பிப்ரவரி 7, அவருடைய 32-ஆவது பிறந்தநாளன்று வெளிவந்தது, மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். முதல் துண்டின் பெயரில் 'அவுட்ரோ' (முடிவுரை) என்று இருக்கும், கடைசித் துண்டின் பெயர் 'வெல்கம் டு தி ஷோ'. பெயருக்கேற்ற மாதிரி வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

கதை கேட்கிறவருக்குக் கென்ட்ரிக் லமாரின் 'குட் கிட், மேட் சிட்டி' (2012). அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், நாலாவது படியில் வருகிறேன்.

படி 3: வாசலைக் கொடுங்கள், உச்சியை அல்ல

நமக்கு மிகவும் பிடித்ததையே கொடுக்கத்தான் கை பரபரக்கும். எனக்கு அது 'மேட்வில்லனி'. ராப்பர் எம்.எஃப். டூமும் ப்ரொட்யூசர் மேட்லிப்பும் சேர்ந்து 2004-இல் போட்டது. 22 துண்டுகள், பெரும்பாலானவை மூன்று நிமிடத்தைத் தாண்டாதவை, திரும்பத் திரும்ப வரும் ஹூக் (பல்லவி) என்று அநேகமாக எதுவும் கிடையாது. ஒரு பீட் பிடித்துப்போய் நிமிர்ந்து உட்காரும்போது அது முடிந்திருக்கும். ஏற்கெனவே ராப்பில் ஊறியவருக்கு அது தேன். புதியவருக்கு, யாரோ ரேடியோ ஸ்டேஷனை மாற்றிக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். இதை நான் ஒருவருக்குக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். அவர் மரியாதைக்காக எட்டாவது துண்டு வரை வந்தார்.

கென்ட்ரிக்கிடமும் இதே கதைதான். 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' (2015) கனமான ஆல்பம். ஜாஸும் ஃபங்கும் கொதிக்கும், ஒரு கவிதை பாட்டுக்குப் பாட்டு ஒவ்வொரு வரியாக நீண்டுகொண்டே போகும். 'குட் கிட்'டைத் தாண்டி வந்தவருக்கு அது திறக்கும், நேரே போனவர் முட்டிக்கொள்வார். அட்லாண்டாவின் இருவர் குழுவான அவுட்காஸ்ட் என்றால் கிராமி வாங்கிய இரட்டை ஆல்பத்தில் தொடங்காதீர்கள், 'அக்வெமினை' (1998) போதும். அதில் 'ஸ்பாட்டியாட்டி' என்று தொடங்கும் நீளமான பெயர்கொண்ட பாட்டு ஏழு நிமிடம் ஓடுகிறது. ராப் என்றே சொல்ல முடியாது, இருவரும் சாவகாசமாகப் பேசிக்கொண்டு போகிறார்கள். நடுநடுவே அந்தப் பித்தளை வாத்தியங்கள் வந்து நெஞ்சைப் பிடிக்கும்.

நீளத்தையும் பாருங்கள். டூபாக்கின் 'ஆல் ஐஸ் ஆன் மீ' (1996) இரட்டை ஆல்பம், 27 பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல். நாஸின் 'இல்மேட்டிக்' (1994) பத்தே டிராக், 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு நடைப்பயணத்தில் கேட்டு முடிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தால் அதை மறுப்பவர் குறைவு.

படி 4: ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் பின்பற்றுவீர்கள் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

'குட் கிட்'டின் அட்டையிலேயே 'கென்ட்ரிக் லமாரின் குறும்படம்' என்று போட்டிருக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்துக் காம்ப்டனில் ஒரு பையன் அம்மாவின் வேனை இரவல் வாங்கிக்கொண்டு போகிறான், வண்டியை எப்போது கொண்டுவருவாய் என்று அம்மா ஃபோனில் செய்தி விட்டுக்கொண்டே இருக்கிறார். கதை அங்கே ஆரம்பித்து, நண்பன் ஒருவன் சுடப்பட்டுச் சாவதில் போய் நிற்கிறது. அதற்குப் பிறகு வருவது 'சிங் அபவுட் மீ, ஐ'ம் டையிங் ஆஃப் தர்ஸ்ட்', 12 நிமிடப் பாட்டு.

முதல் வெர்ஸில் (சரணத்தில்) பேசுவது கென்ட்ரிக் இல்லை. செத்துப்போனவனின் அண்ணன் பேசுகிறான். பழிவாங்கும் வாழ்க்கையை விட முடியவில்லை என்கிறான். உன் ஆல்பம் வெளிவருவதற்குள் நான் செத்துப்போனால் என்று ஆரம்பித்து, 'நான் நம்புகிறேன்' என்று சொல்லும்போது துப்பாக்கிச் சத்தம் வரிக்குள் விழுகிறது. வாக்கியம் முடிவதே இல்லை. பீட் மட்டும் எதுவும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது வெர்ஸில் ஒரு பெண். கென்ட்ரிக் தன் முந்தைய ஆல்பத்தில் ஒரு பெண்ணின் கதையைப் பாட்டாக்கியிருந்தார், இவள் அவளுடைய தங்கை. என் அக்காவின் கதையைச் சொல்ல உன்னை யார் கேட்டது என்று சண்டைக்கு வருகிறாள். என்னைப் பாடாதே, நான் ஒன்றும் மங்கி மறைந்துவிட மாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவள் சொல்லச் சொல்ல ஒலி குறைந்துகொண்டே போகிறது. ஒரு கட்டத்தில் நீங்கள் ஹெட்ஃபோனைக் கையால் அழுத்திக் கேட்பீர்கள். பிறகு அவள் இல்லை.

இதை ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். 'கென்ட்ரிக் பெரிய லிரிசிஸ்ட், புலிட்சர் வாங்கியவர்' என்று சொன்னால் தலையாட்டுவார். 'இரண்டாவது வெர்ஸ் முடியும்போது வால்யூமைத் தொடாமல் கேள்' என்று சொன்னால் அன்றைக்கே கேட்பார்.

அப்படித் தொட்டுக் காட்ட ஒவ்வொரு ஆல்பத்திலும் ஓர் இடம் இருக்கும். 'லோ எண்ட் தியரி' தொடங்கும்போது பேஸ் மட்டும்தான். டிரம்ஸ் கிடையாது. குழுவின் ராப்பர் க்யூ-டிப் அதன்மேல் தன் பதின்ம வயதையும், ஹிப் ஹாப்பைக் கேட்டால் பீபாப் என்ற ஜாஸ் வகை ஞாபகம் வருகிறது என்று அப்பா சொன்னதையும் சொல்லிக்கொண்டு போவார். டிரம்ஸ் எங்கே நுழைகிறது என்று காத்திருந்து கேட்கச் சொல்லுங்கள். 'இல்மேட்டிக்'கில் ஏஇசட் விருந்தாளியாக வரும் 'லைஃப்ஸ் எ பிட்ச்' பாட்டின் கடைசியில் ஒரு கார்னெட் (ட்ரம்பெட் போன்ற வாத்தியம்) தனியாக எழும். ஊதுபவர் ஓலு டாரா, ஜாஸ் கலைஞர், நாஸின் அப்பா. வாழ்க்கையே வெறுத்துப்போய் இரண்டு இளைஞர்கள் பேசி முடித்த இடத்தில் அப்பா வந்து நிற்கிறார், ஒரு வார்த்தையும் பேசாமல்.

ஃப்ளோவை, அதாவது வரிகள் தாளத்தின்மேல் ஓடும் விதத்தை, விளக்க நம்மிடம் நல்ல சொற்களே இருக்கின்றன. வரிகளின் முடிவில் ஓசை ஒத்து வருவது இயைபு. ஆரம்பகால ராப் பெரும்பாலும் அந்த இயைபோடு நின்றது: நாலு தட்டு, வரி முடிவில் ஒரு ஒத்த ஓசை, அடுத்த வரி. டிஜே எரிக் பி உடன் ராப்பர் ரக்கிம் 'பெய்ட் இன் ஃபுல்' (1987) போட்டபோது அது உடைந்தது. ஒத்த ஓசைகள் வரியின் வயிற்றுக்குள்ளேயே இரண்டு மூன்று தடவை வந்தன. வரி முடிந்தாலும் வாக்கியம் முடியாமல் அடுத்த வரிக்குள் பாய்ந்தது. அவர் சின்ன வயதில் சாக்ஸஃபோன் வாசித்தவர், மூச்சு விடும் இடங்கள் அங்கிருந்து வந்தவை. எதுகை மோனையில் பழகிய காதுக்கு இதைப் பிடிக்க இரண்டு பாட்டு போதும்.

படி 5: எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்

ஷஃபிளை அணைக்கச் சொல்லுங்கள். டீலக்ஸ் பதிப்பு வேண்டாம், மூலப் பதிப்பு போதும்: 'குட் கிட்' கதை 'காம்ப்டன்' பாட்டோடு முடிகிறது, டீலக்ஸில் அதற்குப் பிறகும் உபரிப் பாட்டுகள் வந்து முடிவைக் கலைத்துவிடும். மொபைல் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது, பேஸ் இல்லாத ராப் பாதி ராப். பாட்டு வரிகளை முதல் தடவை படிக்க வேண்டாம், இரண்டாம் தடவை படிக்கலாம்.

ஸ்கிட்டுகளை (பாட்டுகளுக்கு நடுவே வரும் குட்டி நாடகத் துண்டுகளை) தாண்டக் கூடாது. டி லா சோல் 1989-இல் '3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' ஆல்பத்துக்குள் ஒரு போலி டிவி கேம் ஷோவை நுழைத்ததிலிருந்து இது பரவலான பழக்கம். லாரின் ஹில் ஆல்பம் ஒரு வகுப்பறையில் ஆரம்பிக்கிறது. ஆசிரியர் வருகைப் பதிவு எடுக்கிறார், லாரின் பெயரைக் கூப்பிட்டால் பதில் இல்லை. அடுத்து வரும் பாட்டெல்லாம் அந்தப் பெண் வகுப்புக்கு வெளியே கற்றுக்கொண்டவை. ஸ்கிட்டைத் தாண்டினால் இது தெரியாமலே போய்விடும்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பல நல்ல ஆல்பங்களில் கெட்ட வார்த்தை, வன்முறை, பெண்களை மட்டமாகப் பேசுவது எல்லாம் இருக்கும். 'அதெல்லாம் அப்படித்தான்' என்று மழுப்பாமல், எந்தப் பாட்டில் இருக்கிறது என்று சொல்லுங்கள். கேட்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும். கறுப்பின ராப்பர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும், ஆங்கில 'என்' எழுத்தில் தொடங்கும் அந்த ஒரு சொல்லை மற்றவர்கள் கூடச் சேர்ந்து பாடக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2018 மே மாதம் அலபாமாவில் ஒரு இசைவிழாவில், மேடைக்கு அழைக்கப்பட்ட வெள்ளையின ரசிகை ஒருவர் அதைச் சொல்லிப் பாடியதும் கென்ட்ரிக் பாட்டையே நிறுத்தினார்.

படி 6: அடுத்த ஆல்பம் எங்கே இருக்கிறது? கிரெடிட்ஸில்

ஒரு ஆல்பம் பிடித்துவிட்டது, அடுத்து என்ன என்று கேட்டால் அதே ராப்பரின் அடுத்த ஆல்பத்தைச் சொல்லாதீர்கள். யார் பீட் போட்டது என்று பாருங்கள். 'இல்மேட்டிக்' ஒன்றே ஐந்தாறு பாதைகளுக்குத் தொடக்கம். 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' பிடித்ததா? டிஜே பிரீமியர் போட்டது, அவருடைய கேங் ஸ்டார் குழுவின் ஆல்பங்களுக்குப் போங்கள். 'ஒன் லவ்'? அது க்யூ-டிப், டிரைப்புக்குப் போங்கள். 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பீட் ராக் போட்டது. அவர் சி.எல். ஸ்மூத்தோடு சேர்ந்து செய்த 'மெக்கா அண்ட் தி சோல் பிரதர்' (1992) இருக்கிறது. 'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாட்டின் பியானோ ஜாஸ் கலைஞர் அகமத் ஜமாலுடையது, அதைப் பிடித்துக்கொண்டு ஜாஸுக்கே போய்விடலாம். நான் ஜாஸுக்குள் போனது இந்தச் சந்து வழியாகத்தான்.

சில ஆல்பங்கள் தேடினாலும் கிடைக்காமல் போவதற்கும் சாம்பிள்தான் (பழைய பாட்டிலிருந்து வெட்டி எடுத்துப் பயன்படுத்தும் துண்டு) காரணம். பிஸ் மார்க்கி ஒரு பழைய பாட்டின் துண்டை அனுமதியில்லாமல் எடுத்தார் என்ற வழக்கில் 1991 டிசம்பரில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி வாங்கிப் பணம் கட்ட வேண்டியதாயிற்று. துண்டுகளை மலைபோல் குவித்துச் செய்த ஆல்பங்களின் காலம் அதோடு சுருங்கியது. டி லா சோலின் ஆரம்ப ஆல்பங்கள் ஸ்ட்ரீமிங்குக்கு வந்தது 2023 மார்ச் 3-இல்தான். குழுவின் ட்ரூகாய் அதற்குச் சில வாரங்கள் முன்பு இறந்துவிட்டார்.

படி 7: உங்கள் பட்டியல் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா?

முதல் படியில் எழுதிய தாளை மறுபடி எடுங்கள். நியூயார்க், 90-கள், ஆண்கள் என்று மட்டும் இருக்கிறதா? என்னுடையது அப்படித்தான் இருந்தது, ஒரு காலத்தில் அதில் பெருமையும் இருந்தது.

ஹிப் ஹாப் பிறந்த இடம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிதான், சந்தேகமில்லை. 1973 ஆகஸ்ட் 11 அன்று 1520 செட்ஜ்விக் அவென்யூ கட்டடத்தில் தங்கை வைத்த பார்ட்டியில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றியதைத்தான் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பாட்டில் டிரம்ஸ் மட்டும் வரும் பகுதிக்குத்தான் கூட்டம் ஆடுகிறது என்று கவனித்து, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து அந்தப் பகுதியை நீட்டிக்கொண்டே போகும் வித்தை அவருடையது. ஆனால் அது அங்கேயே நிற்கவில்லை. 1995-இல் 'சோர்ஸ்' என்ற ஹிப் ஹாப் பத்திரிகையின் விருது விழாவில் நியூயார்க் கூட்டம் அவுட்காஸ்ட்டைக் கூச்சலிட்டு அவமதித்தபோது, தெற்கத்தியர்களுக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது என்று அந்த இருவரில் ஒருவரான ஆந்த்ரே மேடையில் சொன்னார். அட்லாண்டா அதை நிரூபித்தும் காட்டியது.

எனவே தாளில் இடம் விடுங்கள். ஹூஸ்டன் பக்கத்து ஸ்கார்ஃபேஸின் 'தி டைரி' (1994). லண்டனிலிருந்து டிஸ்ஸி ராஸ்கலின் 'பாய் இன் டா கார்னர்' (2003), லிட்டில் சிம்ஸின் 'சம்டைம்ஸ் ஐ மைட் பி இன்ட்ரோவெர்ட்' (2021). இரண்டுமே பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசு வாங்கியவை. எம்சி லைட்டின் 'லைட் ஆஸ் எ ராக்' (1988), நோநேமின் 'ரூம் 25' (2018). பிரெஞ்சில் ஐயாம் குழுவின் 1997 ஆல்பம் 'லெகோல் து மிக்ரோ தார்ஜான்': ஒரு வார்த்தை புரியாமல் கேளுங்கள், ஃப்ளோ என்றால் என்னவென்று அப்போதுதான் தெரியும்.

படி 8: சண்டை போடலாம், விதி வைத்துக்கொண்டு

டாப் ஃபைவ் சண்டையை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, நானும் நிறுத்தமாட்டேன். கேள்வியை மட்டும் குறுக்குங்கள். 'யார் பெரியவர்?' என்பதற்கு முடிவே கிடையாது. 'முதல் ஆல்பம் என்று பார்த்தால் யார்?', 'ஒரே ஒரு வெர்ஸ் என்றால் எது?', '1993 நவம்பர் 9 அன்று ஒரே நாளில் டிரைப்பும் வூ-டாங் கிளானும் ஆல்பம் விட்டார்கள், கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, எது?' என்று கேட்டால் பேச விஷயம் கிடைக்கும். விற்பனைக் கணக்கையும் விருதுகளையும் எடுத்துக்கொண்டு வருபவருக்கு ஒரு பாட்டைப் போட்டுக் காட்டும் கட்டாயம் வையுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

படி 9: கொடுத்தவர் வாங்கவும் வேண்டும்

உங்களுக்கு ஒருவர் ஆல்பம் சொன்னால் இரண்டு தடவை முழுதாகக் கேட்ட பிறகே வாயைத் திறங்கள். முதல் தடவையில் நாம் கேட்பது நம் எதிர்பார்ப்பை. பதில் சொல்லும்போது 'நல்லா இருக்கு' வேண்டாம், பாட்டும் நிமிடமும் சொல்லுங்கள். பிடிக்கவில்லையென்றால் எந்த இடத்தில் விட்டுப்போனது என்று சொல்லுங்கள். கொடுத்தவருக்கு அது பாராட்டைவிட உபயோகம், அடுத்ததை அவர் சரியாகத் தேர்ந்தெடுப்பார்.

அந்த 40 ஆல்பம் நண்பனுக்குப் பிறகு ஒரே ஒரு வரி அனுப்பினேன்: 'குட் கிட்' கேள், 12 நிமிடப் பாட்டு வரும்போது வால்யூமைத் தொடாதே. நாலு நாள் சத்தமில்லை. ஐந்தாம் நாள் ராத்திரி அவனிடமிருந்து செய்தி: "அந்தப் பொண்ணு எங்கடா போனா?"